பிடிச்ச ஜாஸ் பாட்டை இன்னொருத்தர் காதுல கொண்டு போய் சேர்க்கறது எப்படி

ஜாஸ் பிடிச்சவங்க எல்லாருக்கும் இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். யாராவது வந்து "எனக்கு ஜாஸ்னா என்னன்னே தெரியாது, நாலு பாட்டு சொல்லேன்"னு கேப்பாங்க, நம்ம வாய்ல உடனே மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன், மங்க், பில்லி ஹாலிடேன்னு பேரா வந்து கொட்டும், அவங்களும் தலையாட்டிட்டு போயிடுவாங்க, ரெண்டு வாரம் கழிச்சு விசாரிச்சா ஒண்ணு கூட கேட்டிருக்க மாட்டாங்க. நான் ஒரு ஃப்ரெண்டுக்கு நாப்பது பாட்டு வெச்சு ப்ளேலிஸ்ட்டே போட்டு குடுத்தேன், ராத்திரி முழுக்க உக்காந்து வரிசையை மாத்தி மாத்தி வெச்சு. முதல் பாட்டுல ரெண்டு நிமிஷம் கேட்டதோட சரி. அப்புறம் கொஞ்ச நாள் விட்டு ஒரே ஒரு பாட்டு, கூட ரெண்டு வரி குறிப்பு, அவ்வளவு மட்டும் அனுப்பினேன், அன்னிக்கு சாயங்காலமே பதில் வந்துது. அதுக்கப்புறம் பல பேருக்கு குடுத்து, பல பேர்கிட்ட வாங்கி கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான்: ஆளோட பேரை குடுக்காதீங்க, ஒரு ரெக்கார்டிங்கை குடுங்க.

ஏன்னா ஜாஸ்ல பாட்டு வேற, அதை வாசிச்ச அந்த ஒரு நாள் வேற. "பாடி அண்ட் ஸோல்"னு ஒரு பாட்டு, ஜானி கிரீன் 1930ல மெட்டு போட்டது. 1939 அக்டோபர்ல கோல்மன் ஹாகின்ஸ் அதை டெனர் சாக்ஸபோன்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணாரு, அதுல ஒரிஜினல் மெட்டு ஆரம்பத்துல கொஞ்சம் எட்டிப் பாக்கும், அதோட சரி, மிச்சம் முழுக்க அவரோட மனோதர்மம்தான். அடுத்த வருஷம் பில்லி ஹாலிடே அதையே பாடினாங்க, வார்த்தையோட, வலியோட. 2011ல டோனி பென்னட்டும் ஏமி வைன்ஹவுஸும் சேர்ந்து பாடினாங்க, ஏமியோட கடைசி ஸ்டுடியோ ரெக்கார்டிங் அதுதான். மூணுக்கும் பேரு ஒண்ணு. நீங்க வெறுமனே "பாடி அண்ட் ஸோல் கேளு"ன்னு சொன்னா அவங்க தேடி முதல்ல வர்றதை போடுவாங்க, அது ஏதோ ஓட்டல் லாபில ஓடற மாதிரி ஒரு வெர்ஷனா இருக்கும், ஜாஸே இப்படித்தான் போலன்னு முடிவு பண்ணிடுவாங்க.

அதனால அனுப்பும்போது பாட்டு பேரு, யாரு வாசிச்சது, எந்த ஆல்பம், ரெக்கார்ட் பண்ண வருஷம், இந்த நாலும் இருக்கட்டும். வருஷத்துல கவனமா இருங்க, ஆப்ல பல சமயம் ரீஇஷ்யூ பண்ண, அதாவது மறுபடி வெளியிட்ட வருஷத்தைத்தான் போட்டிருப்பான், 1950கள்ல வாசிச்சது 2009ன்னு காட்டும். அதே மாதிரி ரீஇஷ்யூ ஆல்பத்துல ஒரே பாட்டு ரெண்டு மூணு தடவை இருக்கும், ஆல்டர்னேட் டேக்னு (அதே பாட்டை இன்னொரு தடவை வாசிச்சு பதிஞ்சது) போட்டு. நமக்கு அது தங்கம், புதுசா கேக்கறவங்களுக்கு "என்ன இது, திரும்ப திரும்ப அதே வருது"ன்னு தோணும். எந்த டேக்னு சொல்லிடுங்க, இல்ல லிங்க்கே அனுப்பிடுங்க.

நிமிஷத்தை சொல்லுங்க

பாட்டு அனுப்பறதுல பாதி வேலைதான் முடியுது, எங்க காதை வெக்கணும்னு சொல்றதுதான் மீதி பாதி. ட்ரம்பெட் வாசிச்ச மைல்ஸ் டேவிஸோட "கைண்ட் ஆஃப் ப்ளூ" ஆல்பம், 1959, முதல் பாட்டு "ஸோ வாட்". இதை நான் அனுப்பும்போது இப்படி எழுதுவேன் (பேஸ்னா கீழ் ஸ்தாயில ஒலிக்கிற பெரிய தந்தி வாத்தியம்): "ஆரம்பத்துல பியானோவும் பேஸும் என்னமோ தேடற மாதிரி இருக்கும், அவசரப்படாதே. அப்புறம் பேஸ் ஒரு கேள்வி கேக்கும், மத்தவங்க எல்லாம் சேர்ந்து ரெண்டே ரெண்டு ஸ்வரத்துல பதில் சொல்லுவாங்க. ஒன்றரை நிமிஷம் வரும்போது ட்ரம்ஸ்ல ஒரு சிம்பல் அடி விழும், அதோட ட்ரம்பெட் உள்ள வரும், அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை கேளு." இவ்வளவுதான். இந்த குறிப்புல மோடல் ஜாஸ், டோரியன் மோட்னு இலக்கண வார்த்தை எதுவும் இல்ல பாருங்க, அதெல்லாம் அவங்களே "ஏன் இது இவ்வளவு விசாலமா இருக்கு"ன்னு கேக்கும்போது சொன்னா போதும். அப்ப சொல்லுங்க, கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) மாறிக்கிட்டே இருக்காம 16 பார் (தாளச் சுத்து) ஒரே மோட்ல (ராகம் மாதிரி ஒரு ஸ்வர வரிசை) நிக்குது, அப்புறம் 8 பார் அரை ஸ்வரம் மேல போகுது, திரும்ப 8 பார் பழைய இடத்துக்கே வந்துடுதுன்னு. கேள்வி வந்ததுக்கு அப்புறம் சொல்ற விளக்கம் மனசுல நிக்கும்.

லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கோட "வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்", 1928, இதுக்கு இன்னும் சுலபம். முதல் பத்து பன்னண்டு செகண்ட், பக்கவாத்தியமே இல்லாம ட்ரம்பெட் தனியா மேல ஏறி கீழ இறங்கும், அதை மட்டும் கேக்க சொல்லுங்க. ஆனா முன்னாடியே சொல்லிடணும், இது அந்த காலத்து ரெக்கார்ட், இரைச்சல் இருக்கும், ஒரு நிமிஷம் பொறுத்துக்கிட்டா காது தானா பழகிடும்னு. சொல்லாம விட்டா "என்ன குவாலிட்டி இது"ன்னு மூடிடுவாங்க, நமக்கு மனசு கஷ்டமாயிடும்.

வார்த்தை விஷயத்துல இன்னொண்ணு. "சூப்பர்", "வேற லெவல்", "மாஸ்டர்பீஸ்" இதெல்லாம் நம்ம சந்தோஷத்தை சொல்லுதே தவிர பாட்டை பத்தி ஒண்ணும் சொல்லல. பாட்டுல என்ன நடக்குதுன்னு எழுதுங்க. யாரு முதல்ல வர்றாங்க, எங்க சத்தம் அடங்குது, எங்க ட்ரம்ஸ் குச்சியை வெச்சுட்டு ப்ரஷ் எடுக்கறாரு, எங்க பேஸ் மட்டும் நிக்குது, அந்த மாதிரி.

யாருக்கு எதை குடுக்கறது

கேக்கற ஆளு இப்ப என்ன கேட்டுட்டு இருக்காங்கன்னு முதல்ல விசாரிங்க, எந்த இசையா இருந்தாலும் சரி. அதுல அவங்க எதுக்கு மயங்கறாங்கன்னு தெரிஞ்சா போதும், தாளமா, குரலா, அமைதியா.

தாளத்துல மயங்கறவங்களுக்கு டேவ் ப்ரூபெக் க்வார்ட்டெட்டோட (நாலு பேர் குழு) "டேக் ஃபைவ்" தப்பவே தப்பாது. 1959ல "டைம் அவுட்" ஆல்பத்துல வந்தது, ஆனா எழுதினது ப்ரூபெக் இல்ல, சாக்ஸபோன் வாசிக்கிற பால் டெஸ்மண்ட். அஞ்சு அடி தாளம், "தகிட தக"ன்னு மூணும் ரெண்டுமா வாயால சொல்லிட்டே கேளுங்கன்னு சொன்னா ஒரு நிமிஷத்துல பிடிச்சுப்பாங்க, நடுவுல ஜோ மொரெல்லோ ட்ரம்ஸ் சோலோ எடுக்கும்போதும் பியானோ அந்த அஞ்சை விடாம போட்டுட்டே இருக்கும், அதனால கணக்கு தொலையாது. அது பிடிச்சா அதே ஆல்பத்துல "ப்ளூ ரோண்டோ அ லா டர்க்", ஒன்பது அடி, ரெண்டு ரெண்டு ரெண்டு மூணுன்னு பிரியும். ஃபங்க், எலக்ட்ரானிக் கேக்கறவங்களா இருந்தா ஹெர்பி ஹான்காக்கோட "கமீலியன்", 1973, "ஹெட் ஹன்டர்ஸ்" ஆல்பம். சின்தசைசர்ல அந்த பேஸ் லைன் ஆரம்பிக்கற நொடியே ஆள் உக்காந்துடுவாங்க. கால் மணி நேரம் ஓடும், அதையும் சொல்லிடுங்க.

குரல் வேணும்னு சொல்றவங்களுக்கு வழி நிறைய இருக்கு. சாரா வான் 1954ல க்ளிஃபர்ட் ப்ரவுன் ட்ரம்பெட்டோட பாடின "லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்", பாடகர் ஜானி ஹார்ட்மன் 1963ல சாக்ஸபோன் வாசிக்கிற கோல்ட்ரேனோட பண்ண ஆல்பம், ரெண்டும் எனக்கு உயிர். குறிப்பா ஹார்ட்மன் ஆல்பம், கோல்ட்ரேன்னாலே சரமாரியா வாசிப்பாருன்னு பயந்து வெச்சிருக்கறவங்களுக்கு குடுங்க, அந்த மனுஷன் எவ்வளவு மெதுவா, எவ்வளவு மரியாதையா பாடகருக்கு வழி விடறாருன்னு தெரியும்.

அமைதி தேடறவங்களுக்கு பில் எவன்ஸ் ட்ரையோ (மூணு பேர் குழு), "வால்ட்ஸ் ஃபார் டெபி", 1961 ஜூன் 25, நியூயார்க் வில்லேஜ் வேன்கார்ட் க்ளப்ல லைவா பதிவானது. பியானோவுக்கு பின்னாடி கிளாஸ் மோதற சத்தமும் யாரோ பேசற சத்தமும் கேக்கும், நாமளும் அங்க ஒரு டேபிள்ல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும். இதுல பேஸ் வாசிச்ச ஸ்காட் லஃபேரோ ஜூலை 6ல கார் விபத்துல போயிட்டாரு, வயசு 25. இதை எப்ப சொல்றதுங்கறதை கீழ சொல்றேன்.

ட்ரம்ஸ் சத்தமே ஆகாதுன்னு சொல்றவங்க கூட இருப்பாங்க. அவங்களுக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட் இருக்காரு, "மைனர் ஸ்விங்", 1937. அவரோட கிட்டாரும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோட வயலினும், ட்ரம்ஸே கிடையாது, தாளத்தை ரிதம் கிட்டார்களே தாங்கும்.

முதல் பாட்டா குடுக்கக் கூடாததும் இருக்கு, இது என் கருத்துதான். ஆர்னெட் கோல்மனோட "ஃப்ரீ ஜாஸ்", ரெண்டு க்வார்ட்டெட் ஒரே நேரத்துல 37 நிமிஷம் வாசிக்கறது, கோல்ட்ரேனோட "அசென்ஷன்", இதெல்லாம் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா ஒரு வருஷம் கேட்டு காது திறந்தவங்களுக்குத்தான் குடுப்பேன். "அ லவ் சுப்ரீம்" கூட அப்படித்தான், 1964 டிசம்பர்ல ஒரே நாள்ல பதிவு பண்ண நாலு பகுதி, முழுசா உக்காந்து கேக்க ஆள் தயாரான அன்னிக்கு குடுங்க, நடுவுல வெட்டி ஒரு பகுதியை அனுப்பாதீங்க.

நீளத்தையும் யோசிங்க. பழைய 78 ஆர்பிஎம் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் அடங்கும், அதனால ஆர்ம்ஸ்ட்ராங், ஹாகின்ஸ், சார்லி பார்க்கரோட 1940கள் எல்லாமே சின்னது. 1948ல நீளமா ஓடற எல்பி தட்டு வந்துதான் பத்து பதினஞ்சு நிமிஷம் வாசிக்க இடம் கிடைச்சுது. நேரமே இல்லன்னு சொல்றவங்களுக்கு பழைய தட்டு நல்ல வழி, மூணு நிமிஷத்துல ஒரு முழு உலகம்.

கதையை எப்ப சொல்றது

ஜாஸ்ல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் பின்னாடி ஒரு கதை இருக்கும், நமக்கும் அதை சொல்லாம இருக்க முடியாது. ஆனா எல்லா கதையும் முன்னாடி சொல்றதுக்கு இல்ல. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்ங்கற பாடகி 1960 பிப்ரவரில பெர்லின்ல "மேக் த நைஃப்" பாடும்போது பாதியில வரிகள் மறந்துட்டாங்க, நிறுத்தவே இல்ல, மறந்துட்டேங்கறதையே பாட்டா இட்டுக்கட்டி பாடி, லூயி ஆர்ம்ஸ்ட்ராங் குரல்ல மிமிக்ரி வேற பண்ணி முடிச்சாங்க, அந்த ரெக்கார்டிங்குக்கு கிராமி கிடைச்சுது. இதை முன்னாடி சொல்லிடாதீங்க. "வரியை கவனிச்சு கேளு"ன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களே கண்டுபிடிச்சு "ஏய், மறந்துட்டாங்க போலிருக்கே!"ன்னு கூப்பிடற சந்தோஷத்தை நாம பிடுங்கக் கூடாது.

பியானோ வாசிக்கற கீத் ஜாரெட் ஜெர்மனில கெல்ன் ஊர்ல பண்ண கச்சேரி, 1975 ஜனவரி 24, அதுக்கு கதையை முன்னாடியே சொல்லலாம். கேட்டிருந்த பியானோ வராம, மேல் ஸ்தாயி மெலிஞ்சு போன, பெடல் சரியா வேலை செய்யாத ஒரு சின்ன பியானோல வாசிக்க வேண்டியதாயிடுச்சு. அது தெரிஞ்சு கேட்டா அவரு ஏன் நடு ஸ்தாயிலயே சுத்தி சுத்தி வர்றாரு, இடது கை ஏன் அப்படி ஒரே அடியை திரும்ப திரும்ப போடுதுன்னு புரியும். முன்னாடி எதுவும் எழுதி வெச்சுக்காம அங்கயே உருவாக்கின ஒரு மணி நேரத்துக்கு மேலான இசை அது.

பில்லி ஹாலிடேயோட "ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்", 1939, இதுக்கு முன்னாடி சொல்லியே ஆகணும். அமெரிக்காவுல கருப்பின மக்களை கும்பலா சேர்ந்து மரத்துல தொங்கவிட்டு கொன்னதை பத்தின பாட்டு. அவங்களோட வழக்கமான கம்பெனி கொலம்பியா பதிவு பண்ண மறுத்ததால கொமடோர்ங்கற சின்ன லேபிள்ல வந்துது. இதை மத்த பாட்டோட பாட்டா லிஸ்ட்ல நடுவுல சொருகாதீங்க, பார்ட்டில பின்னணில ஓட விடாதீங்க. தனியா குடுங்க, இன்னதுன்னு சொல்லி குடுங்க.

லஃபேரோ விஷயத்துக்கு வர்றேன். அதை நான் ஆல்பம் முழுக்க கேட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் சொல்லுவேன். முன்னாடி சொன்னா ஒவ்வொரு பேஸ் ஸ்வரத்துலயும் சாவுதான் கேக்கும், அந்த ஞாயித்துக்கிழமை அங்க இருந்த விளையாட்டும் சந்தோஷமும் கேக்காம போயிடும். அப்புறம் சொன்னா அவங்களா இன்னொரு தடவை போட்டு கேப்பாங்க.

சேர்ந்து கேக்கும்போது

நாலஞ்சு பேர் கூடி ஆளுக்கு ஒரு பாட்டு போடறது மாதிரி சுகம் வேற இல்ல, ஆனா கொஞ்சம் ஒழுங்கு வேணும். ஒருத்தர் ஒரு பாட்டுதான், நல்லா இருக்கேன்னு அடுத்தடுத்து போட்டுட்டே போகக் கூடாது. போடறதுக்கு முன்னாடி யாரு, எந்த வருஷம்னு மட்டும் சொல்லிட்டு, முதல் தடவை யாரும் பேசாம கேக்கணும், "இப்ப பாரு இப்ப பாரு"ன்னு கூட சொல்லக் கூடாது, அது எனக்கே ரொம்ப நாள் கட்டுப்படுத்த முடியாத பழக்கமா இருந்துது. ரெண்டாவது தடவை போட்டு, அப்ப பேசுங்க. சின்ன பாட்டா இருந்தா மூணு தடவை கூட போடலாம், ஒரு தடவை ஆளுக்கு ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்டு, அப்புறம் என்ன கேட்டீங்கன்னு சொல்லிப் பாருங்க, பேஸை பின்தொடர்ந்தவருக்கும் சாக்ஸபோனை பின்தொடர்ந்தவருக்கும் வேற வேற பாட்டு கேட்டிருக்கும்.

தயவு செஞ்சு ஃபோன் ஸ்பீக்கர்ல போடாதீங்க. அதுல பேஸே கேக்காது, பேஸ் போச்சுன்னா ஜாஸ்ல நடையே போச்சு, மேல சாக்ஸபோன் மட்டும் கீச்சுன்னு தனியா அலையும். சாதாரண ஹெட்ஃபோன் போதும், விலை உசந்ததெல்லாம் வேண்டாம்.

அடுத்த பாட்டை எப்படி தேடறது

ஒரு பாட்டு பிடிச்சுடுச்சு, அடுத்தது என்ன குடுக்கறது? அதே குழுத் தலைவரோட இன்னொரு ஆல்பத்துக்கு போகாம, பக்கத்துல வாசிச்சவங்க கையை பிடிச்சுட்டு போங்க, ஜாஸ்ல இதுதான் நான் கண்ட சிறந்த வழி. "கைண்ட் ஆஃப் ப்ளூ"ல ஆல்டோ சாக்ஸபோன் கேனன்பால் ஆடர்லி. அவரு 1958ல தன் பேர்ல பண்ண "சம்திங் எல்ஸ்" ஆல்பத்துல மைல்ஸ் டேவிஸ் பக்கத்துல நின்னு வாசிக்கறாரு, அதுல "ஆட்டம் லீவ்ஸ்" கேளுங்க, அது முதல்ல ஜோசஃப் காஸ்மா மெட்டு போட்ட ஃப்ரெஞ்சு பாட்டு. அந்த ஆல்பத்துல ட்ரம்ஸ் ஆர்ட் ப்ளேக்கி. அவரை பிடிச்சா அதே 1958ல அவரோட ஜாஸ் மெசெஞ்சர்ஸ் குழு வாசிச்ச "மோனின்", பியானோ ஒரு வரி சொல்லும், மத்தவங்க ஆமாங்கற மாதிரி ரெண்டு ஸ்வரம் போடுவாங்க. "ஸோ வாட்" பேஸ் கேட்ட கேள்வி ஞாபகம் வருதா? மூணு தாவுல சுத்தி அதே மாதிரி ஒரு இடத்துக்கு வந்துட்டோம், ஆனா மனநிலை முழுக்க வேற.

இல்ல பேஸ் வாசிச்ச பால் சேம்பர்ஸை பின்தொடருங்க. "கைண்ட் ஆஃப் ப்ளூ"ல ரெண்டாவது பதிவு செஷன் நடந்த 1959 ஏப்ரல் 22 அவரோட 24வது பிறந்தநாள். கோல்ட்ரேனோட "ப்ளூ ட்ரெய்ன்"லயும் அவருதான், "ஜயன்ட் ஸ்டெப்ஸ்"லயும் அவருதான், சாக்ஸபோன் வாசிக்கற ஆர்ட் பெப்பரோட 1957 ஆல்பத்துலயும் அவருதான். 33 வயசுல போயிட்டாரு, ஆனா அவரு பேரை தேடிட்டே போனா 1950களோட கடைசி வருஷங்கள் பூரா வீட்டுக்குள்ள வந்துடும். ஆப்ல பக்கவாத்தியக்காரங்க பேரு பெரும்பாலும் இருக்காது, ஆல்பத்தோட பின் அட்டை படத்தை தேடி பாருங்க, அதுல எல்லார் பேரும் இருக்கும்.

அவங்க குடுக்கறதை வாங்கிக்கறது

பகிர்றதுன்னா நாம குடுக்கறது மட்டும் இல்லையே. அவங்க ஒண்ணு அனுப்பினா அன்னிக்கே கேளுங்க, முழுசா கேளுங்க, நமக்கு ஏற்கனவே தெரிஞ்சதா இருந்தாலும் "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னு சொல்லிடாதீங்க, அந்த ஒரு வரில பாதி பேர் அதுக்கப்புறம் அனுப்பறதையே நிறுத்திடுவாங்க. பிடிக்கலன்னா பொய் சொல்ல வேண்டாம், பிடிக்கலங்கறதை விட எந்த இடத்துல வெளிய வந்துட்டீங்கன்னு சொல்லுங்க: "ரெண்டு நிமிஷம் வரைக்கும் இருந்தேன், அந்த சோலோ நீண்டுட்டே போச்சு, அங்க விட்டுட்டேன், நீ அங்க என்ன கேக்கற?" இப்படி கேட்டா பேச்சு வளரும்.

அந்த நாப்பது பாட்டு வாங்கின ஃப்ரெண்டு போன மாசம் எனக்கு ஒண்ணு அனுப்பினாங்க. 1957ல டிவில பில்லி ஹாலிடே "ஃபைன் அண்ட் மெல்லோ" பாடின வீடியோ, சுத்தி நின்னு பல பேர் சோலோ எடுக்கறாங்க, அதுல ஒருத்தர் சாக்ஸபோன் வாசிக்கற லெஸ்டர் யங், பில்லிக்கு லேடி டேன்னு பேர் வெச்சவரு. நான் அதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன், எப்பவும் சாக்ஸபோனைத்தான் கேப்பேன். அவங்க குறிப்புல எழுதியிருந்தது: "லெஸ்டர் வாசிக்கும்போது அவரை பாக்காதே, பில்லி முகத்தை பாரு, தலையை எப்படி ஆட்டறாங்கன்னு பாரு." பாத்தேன். அப்படியே திரும்ப முதல்லேந்து போட்டேன்.